கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்

(தீபாவளிக்கு முந்தைய குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பூனை மணியை உங்களில் பலருக்குத் தெரியும். போன தீபாவளியன்று காலை முதல் சரம் வெடித்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். பாவமாக இருக்கிறதே என்று அவனை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த வெடிக்கு என் கையைப் பிறாண்டிவிட்டு, பலகாரம் கொண்டுவருபவர்களுக்காகத் திறந்து வைத்திருந்த வாசல் வழியாக ஓடிவிட்டான். மூன்று நாள் தேடினோம். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்தவனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் நம் இரவுக் காவலர்தான். தப்பு பூனையுடையது இல்லை, என்னுடையது.

நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். பயந்தால் இருட்டான இடுக்கில் ஒளிவதுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. அதை நாம் கெடுக்க வேண்டாம்.

இந்த வருடம் ஒரு வாரம் முன்பே உள் அறையில் அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து, பழைய புடவை விரித்துவிடுங்கள். பழகிக்கொள்ளும். தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு எல்லாம் அதே அறையில் இருக்கட்டும். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். பால்கனிக் கதவைப் பூட்டுங்கள். பக்கத்தில் உட்காருங்கள்; ஆனால் கூப்பிடாதீர்கள். தானாக வந்தால் தடவிக்கொடுங்கள்.

ரொம்பப் பயப்படும் பூனைக்கு மருந்து உண்டு. இப்போதே கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நாமாக எதையும் கொடுக்கக் கூடாது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும். ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பட்டாசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பேரனும் வெடிப்பான். 2018 முதல் நம் மாநிலத்தில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றுதான் நேரம் கொடுக்கிறார்கள். அதற்குள் வெடித்தால், எப்போது கதவைச் சாத்த வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும். கார் நிறுத்துமிடத்தில் மட்டும் வேண்டாம், அங்கே சத்தம் எதிரொலிக்கிறது. நம் வளாகத்துப் பூனைகளுக்கு அதுதான் வீடு.

மறுநாள் வண்டி எடுக்கும்முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். உள்ளே ஒன்று ஒளிந்திருக்கலாம். படிக்கட்டில் பூனை பதுங்கியிருந்தால் விரட்டாமல், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். யாரோ ஒருவர் வீட்டில் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.