கடலில் ஒலிக்கும் எச்சரிக்கை

மாலை வேளையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்போர், அடிவானத்தில் சிறு புள்ளிகளாய்ச் செல்லும் கலங்களைக் காண்பர். கொட்டாஞ்சேனைக்கு அப்பால், முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் படகுகளும் அவற்றுள் அடங்கும். முன்னாளில் கடலோடிகள் விண்மீன்களை நோக்கி வழி தேர்ந்தனர். இன்றோ மனிதன் வானில் ஏற்றிய செய்மதிகளே அவர்களுக்கு வழி காட்டுகின்றன. ஜி.பி.எஸ். என வழங்கும் சிறு கருவி, அவற்றின் செய்தியைப் பெற்றுப் படகின் இருப்பிடத்தை உரைக்கின்றது.

இச்செய்மதிகள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. இடத்தைத் திருத்தமாகக் கணிக்க நான்கு செய்மதிகளேனும் கருவிக்குப் புலப்படல் வேண்டும். மூன்று போதாவோ எனின், போதா. கருவியின் கடிகாரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை நேரினும், தூரக் கணக்கில் 300 மீற்றர் பிசகும். அப்பிழையைக் களைவதற்கே நான்காவது செய்மதி உதவுகின்றது.

நெடுநாள் மூடிவைத்த கருவியோ, தொலைதேசத்திலிருந்து கொண்டுவந்த கருவியோ, செய்மதிகளை உடனே கண்டுகொள்ளாது. அவை அனைத்தின் சுற்றுப்பாதை விவரத்தையும் முழுமையாகப் பெறப் பன்னிரண்டரை நிமிடம் செல்லும். ஆதலின், கட்டிய கயிற்றை அவிழ்க்குமுன்பே, திறந்த வானின் கீழ்க் கருவியை இயக்கிவைத்தல் அறிவுடைமையாகும்.

இனி, எச்சரிக்கை ஒலிகள். குறித்த வழியினின்று படகு விலகினால் ஒன்று ஒலிக்கும். சேரவேண்டிய இடம் நெருங்கினால் ஒன்று ஒலிக்கும். நங்கூரமிட்ட படகு நகர்ந்தால் மற்றொன்று ஒலிக்கும். எத்தனை தூரத்தில் ஒலித்தல் வேண்டும் என்பதை வகுப்பவன் மனிதனே. நங்கூர வட்டத்தை மிகச் சிறிதாக வைத்தால், கயிற்றின் நீளத்துக்குப் படகு அசையும்தோறும் மணி அலறும். சலிப்புற்றவன் அதனை அணைத்துவிட்டு உறங்குவான். மிகப் பெரிதாக வைத்தாலோ, சோழகக் காற்று படகைக் கரையோரப் பாறையில் மோதிய பின்னரே மணி ஒலிக்கும்.

ஒலியையே முற்றிலும் நம்புதலின் தீங்கை 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்து நிகழ்ச்சியொன்று உணர்த்துகின்றது. பெர்முடாவிலிருந்து பொஸ்டனுக்குச் சென்ற றோயல் மெஜஸ்டி என்னும் பயணிகள் கப்பலில் 1,509 பேர் இருந்தனர். புறப்பட்டு ஒரு மணி நேரம் கழியுமுன், கருவியின் வான்கம்பியோடு இணைந்த கம்பி கழன்றது. கருவி ஒரே செக்கன் மெல்ல ஒலித்தது. பின்னர், செய்மதிகளை விடுத்து, கப்பலின் திசையையும் வேகத்தையும் கொண்டு உத்தேசமாக இடத்தைக் கணிக்கத் தொடங்கியது. திரையின் மூலையில் அதனை அறிவிக்கும் சிற்றெழுத்துகள் தோன்றின. அவற்றைக் கருதியவர் எவருமிலர். கடலின் ஆழத்தைக் காட்டும் கருவியின் எச்சரிக்கையோ சுழியத்தில் வைக்கப்பட்டிருந்தது. வேறொரு மிதவையைத் தாம் எதிர்பார்த்த மிதவையென அதிகாரி எண்ணினார். ஏறத்தாழ 34 மணி நேரத்தின் பின், உரிய வழியினின்று 17 மைல் விலகி, நன்டக்கெற் தீவுக்கு அருகே கப்பல் மணல் திட்டில் ஏறியது. நல்வினையாக உயிர்ச்சேதம் நேரவில்லை.

கருவி பொய் சொல்லவில்லை. தான் கண்ணிழந்ததைச் சொல்லியது. கேட்டற்குச் செவி இல்லை.

ஆகையால், கொழும்புக் கடலோடி செய்யவேண்டியது பெரிதன்று. துறையிலிருக்கும்போதே திரை ஏறத்தாழ வடக்கு 6 பாகை 56 கலையையும், கிழக்கு 79 பாகை 51 கலையையும் ஒட்டிக் காட்டுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். எத்தனை செய்மதிகள் புலப்படுகின்றன என்பதை அடிக்கடி நோக்கல் வேண்டும். கரை தெரியும்போது, 1952இல் எழுந்த வெளிச்சவீட்டையும், கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தையும் கடற்படத்தோடு ஒப்பிடல் வேண்டும். மணி ஒலிப்பது கருவியின் கடன். விழித்திருப்பது மனிதனின் கடன்.