சமையற்கலைக் கல்வியும் நம் இளைஞரும்



நம் கல்விக் கழகத்தின் துணையால் ஆசிரியரும் எழுத்தரும் காவலரும் ஆனவர்கள் இவ்வவையில் பலர் உள்ளனர். உணவுத் தொழிலைப் பற்றி மட்டும் இம்மேடையில் எவரும் பேசியதில்லை. “படித்த பிள்ளை கரண்டி பிடிப்பதா?” என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். அக்கரண்டியை நம் கையில் தர ஊர் ஏன் தயங்குகிறது என்பதன்றோ நாம் முதலில் வினவ வேண்டியது?

2018 சூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், நம் சமூகப் பெண்மணி ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சிலர் தடுத்தனர். அவரையே இடமாற்றம் செய்தனர். போராட்டம் எழுந்த பின்னரே அவ்வாணை நீக்கப்பட்டது. அவ்வளவு தொலைவு போவானேன்? 2024 பிப்ரவரியில் நம் மாவட்டத்து மொரப்பூர்ப் பகுதியில், வயல் வேலைக்குச் சென்ற நம் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றினர் என்று இரு பெண்கள் கைதாயினர். தேநீர் பருகும் இடத்திலேயே இந்நிலை எனில், தேநீர் ஆற்றும் இடத்திற்கு நம்மை அழைப்பவர் யார்? ஆகவே அழைப்பிற்குக் காத்திராமல், தகுதிச் சான்றுடன் நாமே உள்ளே புகுதல் வேண்டும்.

சான்று ஏன் என்பீர்கள். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பத்தாம் வகுப்போடு நின்று, பெங்களூர் சென்று ஓர் உணவு விடுதியில் சேர்ந்தார். ஆறாண்டுகள் பாத்திரம் துலக்கினார். பார்த்துப் பார்த்தே சமையலும் கற்றார். ஆயினும் அடுப்பின் முன் நிற்க இடம் காலியானபோது, நேற்று வந்த பட்டயக்காரருக்கே அது கிடைத்தது. பெரிய விடுதிகளில் பாத்திரம் துலக்கும் பகுதி வேறு, சமையற்பகுதி வேறு. முன்னதில் நுழைந்தவர் பின்னதற்கு மாறுதல் எளிதன்று. சமையற்பகுதியில் ‘காமி’ என்னும் கடைநிலைச் சமையலராய் நுழைபவரோ, ஒரு பிரிவின் பொறுப்பாளராகி, ‘சூ செஃப்’ ஆகி, தலைமைச் சமையலராகவும் உயரலாம். கப்பல்களிலும் வளைகுடா நாடுகளிலும் கேட்பது இப்படிநிலையைத்தான்.

பயில இடம் உண்டு. சென்னை தரமணியிலும், திருச்சியை அடுத்த துவாக்குடியிலும் அரசு சார்ந்த உணவக மேலாண்மை நிறுவனங்கள் உள்ளன. மூன்றாண்டுப் பட்டப்படிப்பிற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேறியிருத்தல் வேண்டும். தேசிய அளவில் நுழைவுத்தேர்வும் உண்டு. ஆங்கிலம் என்றதும் அஞ்சற்க. அத்தேர்வை எழுதியவர் நம் பக்கத்தில் அரியர் என்பதே நம் குறை. மைய நிறுவனங்களில் பட்டியல் இனத்தவர்க்கு 15 விழுக்காடு இடம் ஒதுக்கீடு. பத்தாம் வகுப்புத் தேறியோர்க்கு ஒன்றரை ஆண்டுச் சமையல், அடுமனைப் பயிற்சி உண்டு. தொழிற்பயிற்சி நிலையப் பாடத்திட்டத்திலும் உணவுத் தயாரிப்பு ஓராண்டுப் பிரிவாக உள்ளது. தரமணியில் பயிலும் நம் மாணவரின் செலவை ஏற்கும் திட்டத்தைத் தாட்கோ அண்மை ஆண்டுகளில் அறிவித்து வந்துள்ளது.

நகரத்து விடுதியில் சாதி இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். வாடகைக்கு அறை தேடும்போதே அது தெரிந்துவிடும். ஆனால் வெள்ளை மேலங்கி அணிந்து ஒருவர் சமைத்தனுப்பும் உணவை, அவர் ஊரும் தெருவும் கேளாமல் நூறு பேர் உண்கின்றனர். நம் ஊர்க் கலியாணங்களில் விறகு பிளந்தும் அண்டா கழுவியும் நின்ற நம் முன்னோர்க்கு அது வாய்க்கவில்லை.

சொந்தமாகக் கடை வைக்க விழைவோரும் உளர். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது; முதலீட்டில் 35 விழுக்காடு மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் இரண்டாண்டாவது பிறர் அடுப்பில் வெந்த பின்னரே கடன் வாங்குக என்பது நம் கருத்து.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும், சாதிச் சான்றும், வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் கழகத்திற்கு வாருங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தருகிறோம். பெண் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.