ஆற்றுவாழையின் வேரும் கண்காணா மாசும்

திருகோணமலை மாவட்டத்திலே, மூதூருக்குத் தெற்கே அமைந்த கரையோரக் கிராமம் இலங்கைத்துறை முகத்துவாரம். களப்பும் கடலும் கலக்கும் இடம் அது. மலைநாட்டிலே தோன்றி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கையின் கிளையான வெருகலாறு, அக்கிராமத்தை அண்மித்தே கடலை அடைகின்றது. நகரும் வயலும் கழிப்பவற்றை ஆறு சுமந்து வந்து சேர்க்கும் இடங்கள் இத்தகைய முகத்துவாரங்களே.

அக்கழிவுகளுள் கண்ணுக்குப் புலனாகாதவை நானோத்துகள்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீற்றராகும். 1 முதல் 100 நானோமீற்றர் வரை அளவுடையவை இத்துகள்கள். கிருமிகளைத் தடுக்கும் துணிகளில் வெள்ளியும், வெயிற்காப்புப் பூச்சுகளில் தைற்றேனியம் ஈரொட்சைட்டும் நாக ஒட்சைட்டும் இவ்வடிவிற் பயன்படுகின்றன. துவைக்கும் நீரோடும் குளிக்கும் நீரோடும் அவை வெளியேறுகின்றன.

ஆகாயத்தாமரை எனப்படும் ஆற்றுவாழையின் வேர்கள் நீரினுள்ளே இறகுபோல் விரிந்து தொங்குவன. துகள்கள் முதலில் அவ்வேர்களின் வழுவழுப்பான மேற்பரப்பிலே ஒட்டிக்கொள்கின்றன. உயிரணுச் சுவரின் துளைகள் மிகச் சிறியவையாதலால், ஏறக்குறைய 20 நானோமீற்றருக்குக் குறைந்தவையே எளிதில் உட்புகும். வெள்ளியும் நாகமும் ஓரளவு கரைந்து அயன்களாகவும் நுழையும். இவ்வாறு பிடிபடுவனவற்றிற் பெரும்பகுதி வேரிலேயே தங்க, சிறுபகுதியே இலைக்கு ஏறும்.

விரைந்து பெருகி நீர்நிலைகளை மூடும் இத்தாவரத்தைக் கட்டுப்படுத்த 1909 இல் இலங்கையிலே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய பகையை இன்று தோழனாகக் கொள்ளலாமா? கொள்ளலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தாவரம் மாசை அழிப்பதில்லை. தன்னுள் ஏந்தி வைத்திருக்கின்றது. அது நீரிலேயே அழுகினால், ஏந்தியது யாவும் நீருக்கே மீளும். ஆதலின் உரிய காலத்தில் வேரோடு அகற்றுதல் வேண்டும். மாசு நீரில் வளர்ந்ததை மாட்டுக்குத் தீனியாகவோ வயலுக்குப் பசளையாகவோ இடுதல் தகாது.

இடமும் முக்கியமானது. ஆற்றுவாழை உப்பு நீரைத் தாங்காது. துகள்களோ உப்பைக் கண்டதும் ஒன்றோடொன்று திரண்டு சேற்றிலே படியும் இயல்புடையவை. கண்டல் மரங்களின் வேரிடையே உள்ள அச்சேற்றில்தான் இறாலும் நண்டும் இரை தேடுகின்றன. அவற்றை நம்பியே களப்புக் கரையில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. சேற்றிற் படிந்ததைப் பிரித்தெடுத்தல் அரிது. ஆகவே முகத்துவாரத்தைக் காக்கும் பணி, முகத்துவாரத்தில் அன்று, ஆற்றின் மேற்புறத்து நன்னீரிலேயே தொடங்குதல் வேண்டும்.