சீனப் பெண்ணும் மணமுறிவுச் சட்டமும்



மனைவியைத் தள்ளிவிடச் சீனத்துப் பழஞ்சட்டம் கணவனுக்கு ஏழு காரணங்களை வகுத்துக் கொடுத்திருந்தது. மகப்பேறின்மை ஒன்று, வாயாடுதலும் ஒன்று! மனைவிக்கு அத்தகைய பட்டியல் எதுவும் வழங்கப்படவில்லை. எனினும், மூன்று விலக்குகள் இருந்தன. மாமன் மாமியாருக்கு மூவாண்டு துக்கங் காத்தவளையும், கணவனின் வறுமையில் வாழ்க்கைப்பட்டு வளத்தைக் கண்டவளையும், திரும்பிச் செல்லப் பிறந்தகம் அற்றவளையும் தள்ளலாகாது. மூன்றாவது விலக்கை எண்ணிப் பாருங்கள். போக்கிடமற்றவளைத் தெருவில் விடலாகாதென அக்கொடிய சட்டமும் அறிந்திருந்தது.

1950 மே முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் காமக்கிழத்தி வைத்தலைத் தடை செய்தது. மணமுறிவு கேட்கும் உரிமையைப் பெண்ணுக்கும் அளித்தது. அவ்வுரிமையைக் கேட்கத் துணிந்த நாட்டுப்புறப் பெண்கள் பலர் அடிக்கப்பட்டனர்; கொல்லப்பட்டோரும் உளர். கட்சி ஊழியரே குறுக்கே நின்ற ஊர்களும் உண்டு.

2021 தொடக்கத்தில் குடியியற் சட்டக்கோவை வந்தது. இருவரும் இணங்கிப் பதிவகத்தில் மணமுறிவு கேட்டாலும் இப்பொழுது 30 நாள் காத்திருத்தல் வேண்டும். அடுத்த 30 நாளுக்குள் இருவரும் நேரில் வந்து சான்றிதழ் கேளாவிடின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். அவசர முடிவைத் தடுக்கவே இவ்வேற்பாடு என்கின்றனர். சட்டத்தரணியின் கண்ணுக்கோ வேறொன்று தெரிகிறது: கணவன் வராதிருந்தாலே போதும். பின்னர் அவள் நீதிமன்றம் ஏறவேண்டும்; முதல் வழக்கைத் தள்ளிவிடுவதோ அங்கே பெருவழக்கு.