தலையில் பொட்டு வைத்த மீன்



"மெக்கானிக்கல் படிச்சவனுக்கு மீனோட என்னப்பா வேலை?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மழைநீர்க் குளம் என் பொறுப்பு. கொசுத் தொல்லை வந்ததும், "கம்பூசியா விட்டுடலாம் சார்" என்றார்கள்.

கம்பூசியா அமெரிக்க மீன். 1920-களின் கடைசியில் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. சரி, அதற்கு முன் செம்பரம்பாக்கம் வட்டாரத்தில் கொசுப்புழுவைத் தின்றது யார்? வாய்க்காலில் நீர்மட்டத்தை ஒட்டியே திரியும், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். மேலிருந்து பார்த்தால் தலையில் வெள்ளிப் பொட்டு பளிச்சென்று தெரியும். அப்லோகைலஸ் என்பது அறிவியல் பெயர். 'டாப் மின்னோ' என்றும் சொல்வார்கள். ஆனால் கெண்டைக் குடும்பமே இல்லை! வாய் மேல்நோக்கி இருப்பதால், மூச்சு வாங்க மேலே வரும் புழு நேராக அதன் வாய்க்குத்தான் போகும்.

பாவம், அது பாசியில் ஒவ்வொன்றாக முட்டை ஒட்டி வைக்கும். பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். கம்பூசியாவோ குட்டியாகவே போடும், ஒரு ஈட்டுக்குப் பத்துக்கணக்கில். மற்ற மீன்களின் முட்டை, குஞ்சுகளைத் தின்னும், துடுப்பைக் கடிக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1990-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குட்டி மீன், கம்பூசியா புகுந்த ஊற்றுகளில் ஒவ்வொன்றாக இல்லாமல் போனது. பழியெல்லாம் கம்பூசியாவுக்கே என்று சொல்லமாட்டேன். குட்டையைத் தூர்த்ததும், வாய்க்காலில் கழிவுநீர் விட்டதும் நாம்தான்.

எங்கள் குளம் நிரம்பினால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீரோ செம்பரம்பாக்கத்துக்கு. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி அது. நான் விடும் பத்து மீன் என் காம்பவுண்டுக்குள் நிற்குமா?

அதனால் நம்மூர் மீனைத் தேடினோம். மூன்று வாய்க்காலில் கம்பூசியாதான் வலையில் வந்தது. நாலாவதாக ஒரு கிராமத்துக் குட்டையில் பொட்டு மின்னியது. முப்பது மீன் கொண்டுவந்து, கரையோரம் பாசியை அள்ளாமல் விட்டிருக்கிறோம். இந்த வருஷம் குஞ்சுகள் தெரிகின்றன.

இந்தத் தொழிற்பேட்டைகளில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் குளத்தில் எதையும் விடுமுன் எனக்கு ஒரு போன் போடுங்கள், குஞ்சு தருகிறேன். மாணவர்களே, ஊருக்குப் போகும்போது உங்கள் குட்டையைக் குனிந்து பாருங்கள். பொட்டு தெரிந்தால் சொல்லுங்கள்.