குடலுர் பஸ்

'எழுத்து வர மனப்பாடமே போதும்'னு எதிரணி அம்மா அடிச்சுப் பேசினாங்க. நான் மூணாம் வகுப்பு வாத்தியார். என் வகுப்புல ஒரு பையன், 247 எழுத்தையும் மூச்சு விடாம ஒப்பிப்பான். அவங்கப்பாவுக்கு எழுத்து தெரியாது. தேனி பஸ் ஸ்டாண்டுல, 'போர்டைப் படிடா'ன்னிருக்கார். பையன் 'குடலுர்'னான்.

'குடலா? அது நமக்கு வேண்டாம்டா'ன்னு ஒதுங்கிட்டார். (சிரிப்பு) சிரிக்கிறீங்க. கூடலூர் போற கடைசி பஸ்ஸுங்க அது! ராத்திரி பூரா பெஞ்சுல கிடந்துட்டு, மறுநாள் வந்து கேட்டார்: 'சார், இவன் படிக்கிறானா, இல்லையா?' எனக்குப் பதில் வரலே.

ஆகாரத்துக்குக் கால். ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பு. ஊகாரத்துக்கு? கூ ஒரு மாதிரி, பூ ஒரு மாதிரி, மூ, லூ வேற மாதிரி! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துல ணா, றா, னாவுக்குத் தனிக்கால் கிடைச்சது. ஊகாரத்தை யாரும் தொடலே. வரிசையா ஒப்பிச்சா இது பிடிபடுமா?

தொல்காப்பியர் மாத்திரைக்குக் கைநொடியைத்தானே அளவாச் சொன்னார்? குறிலுக்கு ஒரு சொடுக்கு, நெடிலுக்கு ரெண்டு. குடை, கூடை, முடி, மூடி. சொடுக்கிச் சொடுக்கி என் விரலே தேஞ்சுது. அப்புறம் அட்டை. தூ, நூ, லூ ஒரு வீடு. டூ, மூ, ரூ ஒரு வீடு. சாயங்காலம் கடைத்தெருவுல போர்டு வேட்டை.

ரெண்டு மாசம் கழிச்சு அதே பஸ் ஸ்டாண்டு. சொடுக்குப் போட்டுக்கிட்டே 'கூடலூர்'னு கத்தியிருக்கான். ஏறிட்டாங்க. உட்காரத்தான் இடமில்லையாம்!