முப்பத்தஞ்சுக்கு மேல் நமக்குக் கணக்கு கிடையாதா?

(மாலைப் பள்ளிப் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இதுங்களுக்குக் கணக்கு வராது." இந்த வார்த்தையைக் கேட்காத சேரிப் பிள்ளை உண்டா? சாதிப்பேர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, வழக்குப் போடலாம். 'மெல்லக் கற்பவன்' என்று பேர் வைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தால் எந்தச் சட்டத்தில் போடுவது?

நானும் கணக்கு வாத்தியார்தான். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 14. படம் வரைகிற வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. கூட்டினால் 30. பாஸாக 35 வேண்டும். மிச்சம் 5. ஒரே ஒரு ஐந்து மார்க் கணக்கைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அதனால் டிசம்பர் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் இயற்கணிதம் முழுசாக நடக்கும். இன்னொரு பக்கம் ஒரு மார்க் விடைகளை மனப்பாடம் செய், முக்கோணம் வரை, புள்ளி வை, கோடு போடு. 'எக்ஸ்' என்றால் என்னவென்று அந்தப் பக்கத்துக்கு யாரும் சொல்வதில்லை. வளைகோட்டை அழகாக வரைகிற பிள்ளைக்கு அது ஏன் வளைகிறதென்று தெரியாது.

வாத்தியார்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேலேயிருந்து நூறு சதவீதத் தேர்ச்சி கேட்கிறார்கள். அவர்கள் பாஸ் கணக்கைக் காட்டுகிறார்கள். நம் பிள்ளை 35 வாங்குகிறது, நாமும் மிட்டாய் கொடுக்கிறோம். ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்புக்குப் போய் நின்றால் முதல் குரூப் இல்லை என்கிறார்கள். கணக்கு இல்லாமல் பொறியியல் ஏது? பாலிடெக்னிக் போனாலும் முதல் வருடமே கணக்குத்தான். தாழ்த்தப்பட்டோருக்கான 18 சதவீதம் போராடிக் காத்த உரிமை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்த பிள்ளை கணக்கில் அரியர் வைத்துத் திரும்பி வந்தால், வாசலைத் திறந்து வைத்துப் படியை இடித்தது யார்?

அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் கூப்பிட்டார். பலகைக்குப் பின்னால் சாதி இந்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருந்தன. தீட்டுப்பட்டுவிடும் என்று எல்லோரும் ஓடிப்போய் எடுத்தார்கள். இன்றைக்கு யாரும் பாத்திரத்தை எடுக்க ஓடுவதில்லை. நம் பிள்ளையைப் பலகைக்கே கூப்பிடுவதில்லை. வேலை சுலபமாகிவிட்டது.

அமெரிக்காவின் கறுப்பின மக்களுக்கும் இதே வியாதிதான். ராபர்ட் மோசஸ் என்று ஒருவர். நியூயார்க்கில் கணக்கு வாத்தியார். 1961-இல் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிய வைத்தார். அடி வாங்கினார், சிறைக்குப் போனார். பதியப் போனவர்களிடம் அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டி விளக்கம் சொல்லு என்பார்கள். பதில் சரியா தப்பா என்று முடிவு செய்வது வெள்ளை அதிகாரி. படிக்க விடாமல் வைத்திருந்துவிட்டு, படிக்கத் தெரியாது என்று ஓட்டைப் பிடுங்குவது.

அதே மோசஸ் 1982-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில், தன் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா இல்லையென்று தானே பாடம் நடத்தப் போனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'அல்ஜீப்ரா புராஜெக்ட்'. பிள்ளைகளை ரயிலில் கூட்டிப்போவார். எங்கே ஏறினோம், எந்தத் திசை, எத்தனை ஸ்டேஷன்? முதலில் படம் வரை, பிறகு உன் பேச்சில் சொல்லு, பிறகு கணக்குப் பேச்சில் சொல்லு, கடைசியில்தான் குறியீடு. அன்றைக்கு ஓட்டு எப்படியோ இன்றைக்கு அல்ஜீப்ரா அப்படி, அது குடியுரிமைப் பிரச்சினை என்று 2021-இல் இறக்கும்வரை சொன்னார்.

நமக்கு ரயில் வேண்டாம், சூளை இருக்கிறது. செங்கல் சூளையில் ஒரு குடும்பம் 30,000 முன்பணம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 4,000 கூலி. 2,500 செலவுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கடனில் கழிப்பதாகப் பேச்சு. வாரம் 1,500 கழிகிறது. எத்தனை வாரத்தில் கடன் தீரும்? தெரியாத அந்த எண்ணுக்குத்தான் 'எக்ஸ்' என்று பேர். 1,500 எக்ஸ் சமம் 30,000. எக்ஸ் சமம் 20. இருபத்தைந்தாவது வாரமும் "கடன் இன்னும் நிக்குது" என்று முதலாளி சொன்னால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை நோட்டைக் காட்டி ஏன் என்று கேட்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்தாயிற்று. ஆனால் துண்டுச் சீட்டில் யார் கணக்கு எழுதுகிறானோ அவன் கையில்தானே அதிகாரம் இருந்தது? கணக்கு வராது என்று நம்மைச் சொன்னவர்களுக்கு, நமக்குக் கணக்கு வரக்கூடாது என்பதில் லாபம் இருக்கிறது.

ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். வாரம் ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையையும் பலகைக்குக் கூப்பிடுங்கள். வீட்டுப்பாட நோட்டில் வெறும் டிக் அடிக்காதீர்கள், எந்த வரியில் தப்பு என்று காட்டுங்கள். ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் இயற்கணிதத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் பிள்ளைக்கு 35 போதும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கல்விக்குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுப்போம், பதிலையும் எழுத்தில் வாங்குவோம்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பொம்பளைப் பிள்ளையைத் தண்ணிக்கும் அடுப்புக்கும் கூப்பிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயாக இருந்தாலும் நோட்டைத் திறந்து, "இந்த எக்ஸ்னா என்னம்மா, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். சொல்ல வரவில்லையென்றால் அடிக்காதீர்கள். மறுநாள் அதே கேள்வியோடு வாத்தியார் முன்னால் போய் நில்லுங்கள். நானும் வருகிறேன்.